செவ்வாய்க்கிழமைக் கடை

ஜூன் 22, சனி

இன்று மதியம் கடையில் ஒரு பேச்சு நடந்தது. அப்போதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டென்சில் மச்சாடோ முடிவெட்ட வந்திருந்தார். மாதம் தவறாமல் வருகிறவர். ஏதோ தொண்டு நிறுவனத்தில் வேலை என்று மட்டும் தெரியும். வெளியே காற்று தெருப்புழுதியை எல்லாம் அள்ளி வீசிக்கொண்டிருந்ததால் கண்ணாடிக் கதவைச் சாத்தியிருந்தேன். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான்.

அவராகவே ஆரம்பித்தார். "எங்க ஆபீஸ்ல எச்.ஐ.வி. வராம தடுக்குற வேலை அண்ணே. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து டெஸ்ட் பாத்துக்கோங்கன்னு கூப்புடுதோம். எங்க ஆளுங்க எவனும் வர மாட்டேங்கான். அங்க போனா சித்தப்பா மவ நர்ஸா இருக்கா, மாமா வாட்ச்மேனா இருக்காரு. அந்த வரிசையில நிக்கிறத ஒருத்தன் பாத்தா முடிஞ்சுது கதை. எங்களுக்குன்னு ஒரு இடம் வேணும். வந்தவன ஏன் வந்தேன்னு யாரும் கேக்காத இடம்."

"எங்க ஆளுங்கன்னா?" என்று கேட்டேன். கத்தரியை நிறுத்தாமல்தான் கேட்டேன்.

கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "ஆம்பளைய விரும்புற ஆம்பளைங்க. சிலபேரு கல்யாணம் ஆனவங்க, சிலபேரு ஆகாதவங்க. என்னைய மாதிரி."

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஏற்கெனவே நனைந்திருந்த தலையில் மறுபடியும் தெளித்தேன். காலர் எல்லாம் நனைந்துவிட்டது.

அதற்கப்புறம் என் வாய் தானாகப் பேசியது. "செவ்வாய்க்கிழமை எங்களுக்கு லீவுதான. கடை சும்மாதான கெடக்கு."

அவர் சட்டென்று திரும்பினார். காது தப்பியது பெரிய விஷயம்.

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு பொருத்தமான இடம்! சலூனுக்குள் ஓர் ஆண் நுழைந்தால் உலகத்தில் யார் ஏன் என்று கேட்பார்கள்? ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தால், தெரிந்தவனுக்கு லீவு நாளில் வெட்டிவிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் சமூகத்துக்கே மருத்துவர் என்றுதான் பெயர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் முடியும் வெட்டினார்கள், வைத்தியமும் பார்த்தார்கள்.

நான் இடம் கொடுக்கிறேன், அவ்வளவுதான். நல்ல காரியத்துக்கு இடம் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

ஜூன் 24, திங்கள்

செவ்வாய்க்கிழமைகளில் கடையில் பெயிண்ட் வேலை இருக்கிறது என்று பொன்னுத்தாய் அக்காவிடம் சொன்னேன். அத்தான் இறந்ததிலிருந்து அக்கா என்னோடுதான் இருக்கிறாள். மீன் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை.

"வாரா வாரமா பெயிண்ட் அடிக்கப்போற?" என்றாள்.

"ஆமா."

"சரி" என்றாள்.

ஜூலை 2, செவ்வாய்

முதல் நாள்!

காலையிலேயே போய்க் கடையை இரண்டு முறை கழுவினேன். பின்பக்கம் துண்டு காயப்போடுகிற சின்ன அறையை ஒழித்து, மேஜை போட்டு, அக்காவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டினேன். டென்சிலும் மகரஜோதி என்கிற லேப் டெக்னீஷியன் பெண்ணும் வந்தார்கள். மகரஜோதிக்குச் சின்ன உருவம், பெரிய குரல். "என்ன அண்ணே, கல்யாண வீடு மாதிரி வச்சிருக்கீங்க" என்றாள்.

பரிசோதனை இவ்வளவு சுளுவா என்று ஆச்சரியமாக இருந்தது. விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஒரு டீ குடிக்கிற நேரம். ஒரு கோடு விழுந்தால் தொற்று இல்லை. இரண்டு கோடு விழுந்தால் பெரிய ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் மறுபடியும் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். பேர், ஊர் எதுவும் கடையில் சத்தமாகச் சொல்லக்கூடாது என்பது டென்சிலின் கண்டிப்பு.

மதியம் வரைக்கும் ஒரு ஆள் இல்லை. டென்சில் போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். நான் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தேன், என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீட்டார் வராமல் போன மாதிரி. எனக்குத் தங்கச்சியே கிடையாது.

அப்புறம் ஷட்டருக்கு அடியில் இரண்டு கால் தெரிந்தது. வெகுநேரம் அப்படியே நின்றது. குனிந்து உள்ளே வந்த மனிதர் என்னைப் பார்த்ததும் பயத்தில் "கட்டிங்" என்றார். நான் உட்காரவைத்து நிஜமாகவே வெட்டிவிட்டேன். பாதித் தலையில்தான் அவருக்கு மூச்சு சீரானது. "டென்சில் தம்பி வரச் சொன்னாரு…" என்று இழுத்தார். திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு கோடு.

சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு கோடுதான். பரீட்சையில் நானே பாஸான மாதிரி குதித்தேன்.

கடைசியில் மகரஜோதி என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்களும் பாத்துக்கிடுதீங்களா? கிட் இருக்கு" என்றாள்.

"எனக்கு எதுக்கு? நான் இடம் குடுக்கிறவன்" என்றேன்.

டென்சில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 3, புதன்

யாருக்கு முடிவெட்டினாலும் காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. தாணுலிங்கம் அண்ணாச்சி சவரத்துக்கு வந்தார். கட்டடம் அவருடையது. பக்கத்திலேயே இரும்புக்கடை வைத்திருக்கிறார். தினமும் காலையில் என் கடையில்தான் முகம் மழிப்பார். "என்னலே, லாட்டரி கீட்டரி விழுந்துட்டா?" என்று கேட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று நாற்காலி, பெஞ்சு எல்லாம் நிறைந்துவிட்டது!

ஒரு காலேஜ் வாத்தியார், ஒரு துறைமுக கிளார்க், ஜவுளிக்கடையில் நிற்கிற பையன்கள் இரண்டு பேர், இன்னும் சிலர். ஆணுறை எப்படிப் போடுவது என்று டென்சில் என் ஷேவிங் பிரஷ் கைப்பிடியில் செய்து காட்டினார். துறைமுக கிளார்க் ரொம்ப மரியாதையாகக் கையைத் தூக்கி, "சார், அந்த முடி இருக்கிற பக்கம் எதுக்கு?" என்று கேட்டதும் கடையே சிரித்தது. மகரஜோதிக்குப் புரையேறிவிட்டது.

தொற்று இல்லாதவர்கள் அது வராமல் இருக்கவே தினம் சாப்பிடுகிற மாத்திரை ஒன்று இருக்கிறதாம். எனக்கு அது தெரியவே தெரியாது. டாக்டர் பார்த்து, ரத்தம் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். வாத்தியார் நோண்டி நோண்டிக் கேட்டார். நான் சும்மா சீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

என் கடையில் ஆண்கள் கட்சி பேசுவார்கள், கிரிக்கெட் பேசுவார்கள், பெண்டாட்டியைப் பற்றிப் பேசுவார்கள். ஓர் ஆண் தன் மனசில் இருக்கிற இன்னொரு ஆணைப் பற்றி, அவன் காலையில் எப்படிப் பல் தேய்ப்பான் என்று சிரித்துக்கொண்டே சொன்னதை இன்றுதான் கேட்டேன். ஜவுளிக்கடைப் பையன் சொன்னான். யாரும் அவனைத் திருத்தவில்லை, யாரும் வாயைப் பொத்தவில்லை. நான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். பவுடர் கண்ணில் விழுந்திருந்தது.

ஜூலை 12, வெள்ளி

டென்சிலுக்கு நீலச் சட்டை பொருந்துகிறது. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இன்று இரண்டு கோடு விழுந்தது.

உப்பு லாரி ஓட்டுகிற பையன். இருபத்தைந்து வயது இருக்கலாம். இங்கே பேர் எழுதமாட்டேன். வரும்போது ஜாலியாகத்தான் வந்தான், எனக்கு முந்திரிக்கொத்து கூடக் கொண்டுவந்திருந்தான். திரைக்குப் பின்னால் போனவன் ரொம்ப நேரம் வரவில்லை. மகரஜோதியின் பெரிய குரல் சின்னதாகிவிட்டது. நான் கடையில் இருந்த மற்றவர்களுக்கு ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அவன் அழவில்லை. "எத்தனை நாளு இருப்பேன்?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

அதற்கு டென்சில் பதில் சொன்னார். "நான் இருக்கேம்லா. எனக்கு ஒம்போது வருசமாச்சு. தெனமும் ஒரு மாத்திரை. போன மாசம் டெஸ்ட் எடுத்தேன், ரத்தத்துல கிருமி தேடுனாலும் கெடைக்கல. என்னையப் பாத்தா சாகப்போறவன் மாதிரியா இருக்கு? ஆள் கொஞ்சம் குண்டாயிட்டேன், அம்புட்டுதான்."

என் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். நிமிரும்போது மேஜையில் தலை இடித்தது. வலி எல்லாம் ஒன்றும் தெரியவில்லை.

பையன் வெளியே வந்து நேரே என் நாற்காலியில் உட்கார்ந்தான். "அண்ணே, ஷேவ் பண்ணிவிடுங்க. இந்த மூஞ்சியோட போனா எங்கம்மா கண்டுபிடிச்சிரும்."

துண்டைப் போர்த்தினேன். சோப்பு நுரை பூசும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வேணாம்ணே. பிளேடு கீறிட்டுன்னா உங்களுக்கு…"

புது பிளேடைக் காகிதத்திலிருந்து எடுத்து, அவன் கண்முன்னால் ஒடித்து, கத்தியில் மாட்டினேன். "எல்லாருக்கும் இதேதான். ஒனக்கு முன்னாடி உக்காந்தவருக்கும் புதுசு, பின்னாடி உக்காரப்போறவருக்கும் புதுசு. நிமிந்து உக்காரு."

மெதுவாக மழித்தேன். தாடையின் கீழே அவன் நாடி துடிப்பது கத்தி வழியாகத் தெரிந்தது. ஒரு இடத்திலும் கீறவில்லை. முகம் துடைத்துவிட்டதும் கண்ணாடியில் தன்னையே ரொம்ப நேரம் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கேன் என்னண்ணே?" என்றான்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்க" என்றேன்.

டென்சில் அவனோடு லாரி வரைக்கும் நடந்து போனார். முந்திரிக்கொத்தை என்னால் சாப்பிட முடியவில்லை.

ஜூலை 17, புதன்

மகரஜோதிக்குப் போன் பண்ணி ஒரு சந்தேகம் கேட்டேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒருவர், ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட ஒருவர், அவர் இன்னொருவரோடு சேர்ந்து வாழ்ந்தால் அந்த இன்னொருவருக்குப் பரவுமா?

"உறவால பரவாது அண்ணே. அது நிச்சயமா கண்டுபிடிச்ச விசயம். யாருக்குக் கேக்குதீங்க?"

"பொதுவாத் தெரிஞ்சிக்கிடத்தான்."

"சரிண்ணே, பொதுவாவே சொல்லுதேன்" என்று சிரித்தாள்.

ஜூலை 20, சனி

பையனை டென்சிலே நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப்போனானாம். உறுதியாகிவிட்டது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. "முதல் வாரம் தலை சுத்துனா எனக்குக் கூப்புடு, நான் எத்தன மணிக்கும் எடுப்பேன்னு சொல்லியிருக்கேன்" என்றான். இப்படி ஒரு மனிதன் எனக்குப் பழக்கம் என்பதே பெருமையாக இருக்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

திருச்செந்தூரிலிருந்தெல்லாம் ஆட்கள்! உட்கார இடமில்லாமல் தரையில் சாக்கு விரித்தோம். வாத்தியாருக்கு அந்தத் தடுப்பு மாத்திரை கிடைத்துவிட்டதாம், மிட்டாய் கொடுத்தார்.

ஜூலை 25, வியாழன்

தாணு அண்ணாச்சி சவரத்துக்கு வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் கடையில்தான் இருக்கிறார். முகத்தில் முள்முள்ளாகத் தாடி.

ஜூலை 26, வெள்ளி

இன்று பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். திருவிழா தொடங்கினால் எனக்கு நிற்க நேரம் இருக்காது. இன்று காலையிலிருந்து கடைக்கு வந்தது ஒரே ஒரு ஆள். அவரும் வழி கேட்க வந்தவர்.

ஜூலை 27, சனி

விஷயம் தெரிந்துவிட்டது. டென்சில் எந்த ஆபீசில் வேலை பார்க்கிறான் என்று யாரோ கண்டுபிடித்து ஆட்டோ ஸ்டாண்டில் சொல்ல, அங்கிருந்து தெரு முழுக்கப் போயிருக்கிறது.

அண்ணாச்சி கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "ஏல வேம்புராஜ், செவ்வாய்க்கெழம உள்ள வச்சு எய்ட்ஸ்காரனுவளுக்குச் சவரம் பண்ணுதியாம்லா? அதே கத்தியத்தான எங்க மூஞ்சிலயும் வைக்க?"

"பிளேட ஒவ்வொரு ஆளுக்கும் மாத்துதேன் அண்ணாச்சி. நீங்கதான தெனமும் பாக்கீங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆடி முடியவும் கடைய ஒழிச்சுக் குடுத்துரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எத்தனை வருடமாக இந்த மனிதரின் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறேன்! ஒரு நாள் என்னை நம்பாமல் கண்ணைத் திறந்து வைத்திருந்தாரா?

ஜூலை 28, ஞாயிறு

டென்சில் ஓடி வந்தான். "வேண்டாம்ணே. நாங்க வேற இடம் பாத்துக்கிடுதோம். உங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டோம்."

எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது. "போறதுன்னா போங்க! லாரிக்காரப் பய வந்து ஷட்டருக்கு வெளிய நின்னா நான் என்னன்னு சொல்ல? வேற எடத்துக்குப் போ, இங்க உன்னையப் பாத்தா பயப்புடுறாங்கன்னு சொல்லவா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஷட்டரப் பாதி எறக்குனதுதான் தப்பு" என்றேன். "முழுசாத் தூக்குவோம். சக்கரை, பிரஷர் எல்லாம் சேத்துப் பாப்போம். தெருவுல இருக்கிற அத்தன பேரும் வரட்டும். கூட்டத்துல எவன் எதுக்கு வந்தான்னு எவனுக்குத் தெரியும்?"

டென்சிலின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அங்கேயே மகரஜோதிக்குப் போன் போட்டான். ஆகஸ்ட் ஆறாம் தேதி. மாதா திருவிழா முடிந்த மறுநாள்.

ஜூலை 30, செவ்வாய்

வந்தவர்களை எல்லாம் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, நானும் டென்சிலும் போர்டு எழுதினோம். 'இலவச மருத்துவ முகாம்' என்று மட்டும் எழுதலாம் என்றேன் நான். டென்சில் பிரஷைக் கீழே வைத்துவிட்டான்.

"எச்.ஐ.வி.ன்னு எழுதுங்க. அதையும் மொதல்ல எழுதுங்க. சக்கரைக்குப் பின்னால ஒளிச்சு வச்சா, அது ஒளிச்சு வைக்கவேண்டிய விசயம்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்."

"ஒரு பய வர மாட்டான்."

"வரலேன்னா போகட்டும். எழுதுங்க."

எழுதினேன். சிவப்பு எழுத்து. எச்.ஐ.வி., சர்க்கரை, ரத்த அழுத்தம். எல்லோரும் வரலாம். கையில் பட்ட பெயிண்டை அவன்தான் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டான். ஒவ்வொரு விரலாக.

ஜூலை 31, புதன்

அக்கா என் கையைப் பார்த்துவிட்டு, "நெசமாவே பெயிண்ட் அடிச்சிருக்க!" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், கடை விஷயத்தை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த மச்சாடோ தம்பிக்கு வீட்டுல யாரு சமைச்சுப் போடுதா?" என்றாள்.

கேள்விக்கும் விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆகஸ்ட் 5, திங்கள்

டென்சில் அவன் அம்மாவோடு கோயிலில். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கடையைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எங்கே ஆரம்பிப்பது!

காலையில் ஷட்டரை மேலே முட்டுகிற வரைக்கும் தூக்கினேன். செவ்வாய்க்கிழமை வெயில் என் கடைக்குள் வந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். போர்டை வாசலில் சாய்த்து வைத்தோம். ஆட்டோ ஸ்டாண்டில் ஏழெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று படித்தார்கள். அண்ணாச்சி இரும்புக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆட்கள் தெருமுனை டீக்கடையில் நிற்பது தெரிந்தது, கிளார்க்கும் ஜவுளிக்கடைப் பையன்களும். ஒருத்தரும் அசையவில்லை. தெருவே ஒரு கடையை வேடிக்கை பார்த்தது. உள்ளே நாங்கள் மூன்று பேரும் பொம்மை மாதிரி நின்றோம்.

"மொதல் ஆளு வந்தாப் போதும்" என்று டென்சில் முணுமுணுத்தான்.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து இறால் வாடை முதலில் இறங்கியது. அப்புறம் அக்கா. அவள் பின்னால் மீன் கம்பெனிப் பெண்கள் ஒரு பட்டாளம், ராத்திரி ஷிப்டு முடிந்து அப்படியே வந்திருக்கிறார்கள்.

ஆம்பிளை சலூன் அது. என் அக்காகூட இத்தனை வருடத்தில் படியேறியதில்லை. அவள் விறுவிறுவென்று வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் கொண்டையைச் சரி செய்துகொண்டாள்.

"தாயி, எனக்குக் குத்து" என்றாள் மகரஜோதியிடம். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எச்.ஐ.வி.யும் சேத்துத்தான? அதையும் பாரு. வெறும் சக்கரைக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

அடுத்த நாற்காலியில் இன்னொரு அம்மா ஏறினாள். "இது மேலயும் கீழயும் போகுமாமே, போட்டுக் காட்டுய்யா" என்றாள். நான் பெடலை மிதித்தேன். அவள் உயரப் போனதும் மற்ற பெண்கள் கைதட்டினார்கள். எங்களுக்கும், எங்களுக்கும் என்று வரிசை கட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி வாசலில் நின்று ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து, "ஏல, பொம்பளைங்க நாங்க வெரலக் குடுத்துட்டு நிக்கோம், மீசைய வச்சிட்டு அங்க என்ன வேடிக்கை?" என்று கத்தினாள்.

ஒருத்தன் வந்தான். அவன் பின்னால் இருவர். அதற்கப்புறம் கூட்டம்! டீக்கடையிலிருந்து எங்கள் ஆட்களும் ஒவ்வொருவராக வந்து வரிசையில் கலந்தார்கள். ஆட்டோக்காரர், கிளார்க், இறால் உரிக்கிற அக்கா, ஜவுளிக்கடைப் பையன், மறுபடியும் ஆட்டோக்காரர். யார் யார் என்று பிரித்துச் சொல்ல அந்தக் கடவுளாலும் முடியாது. டென்சில் என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. முடிவுகளை ஒவ்வொருவருக்கும் தனியாகத் திரைக்குப் பின்னால்தான் சொன்னார்கள்.

மதியம் தாண்டி அண்ணாச்சி எழுந்து வந்தார். முகமெல்லாம் தாடி. "சக்கரையும் பாக்காவளாம்லா?" என்று பொதுவாகக் கேட்டார்.

மகரஜோதி பார்த்தாள். முன்னூறுக்கு மேல். அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. "எச்.ஐ.வி.யும் பாத்துருவோமா அண்ணாச்சி?" என்றாள்.

"எனக்கு எதுக்கு?" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை, அதே வேகம். இத்தனை பேரை இந்தத் திரைக்குப் பின்னால் கைபிடித்து அனுப்பியிருக்கிறேன். நான் மட்டும் எப்போதும் இந்தப் பக்கமே நிற்கிறேன்.

"நான் பாக்கப்போறேன் அண்ணாச்சி" என்றேன். "நீங்க ஒக்காருங்க."

"ஒனக்கு எதுக்குலே?"

"எனக்கு வேணும் அண்ணாச்சி."

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. என்ன புரிந்ததோ, தலையை மெதுவாக ஆட்டினார்.

திரைக்குப் பின்னால் மகரஜோதி மென்மையாகக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கோயம்புத்தூரில் வேலை பார்த்த காலம், என்னோடு அறையில் இருந்தவன், அவன் கல்யாணம் செய்துகொண்டு போனது, அவனைத் தவிர வேறு யாரும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. அவனுக்கு ஏதாவது இருந்திருந்தால் எனக்கும் இருக்கும் என்கிற பயம் இத்தனை காலமும் தொண்டைக்குள் மீன்முள் மாதிரி இருந்தது. இதை எழுதுவதும் முதல் தடவை.

ஒரு கோடு.

"ஒண்ணும் இல்லண்ணே!" என்று அவள் தோளில் தட்டினாள். உட்கார்ந்தபடியே கேட்டேன்: "அந்தத் தடுப்பு மாத்திரை எனக்குக் கெடைக்குமா?"

"இப்பத்தான யாரு கூடவும் இல்லன்னீங்க. ஒங்களுக்கு எதுக்கு?"

நான் திரைப்பக்கம் பார்த்தேன். திரை விலகியிருந்த இடைவெளியில் டென்சில் நின்றான், கையில் இரண்டு டம்ளர் டீயோடு.

மகரஜோதி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவரு மாத்திரைய ஒழுங்காச் சாப்புடுறவரா இருந்தா ஒங்களுக்குத் தேவையே இல்ல" என்றாள் மெதுவாக. "ஆனாலும் டாக்டர்ட்ட பேசிக்கோங்க. ரெண்டு பேருமா வந்து பேசுங்க." சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

டீ ஆறிப்போனது. டென்சில், "வேம்பு" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை. "எங்க வீட்டுப் பக்கத்துலயே ஆறு சலூன் இருக்கு. நான் ஏன் பஸ் ஏறி இங்க வாரேன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"கைராசின்னு நெனச்சேன்" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் டம்ளரிலிருந்து டீ சிந்தியது.

ஆகஸ்ட் 7, புதன்

அண்ணாச்சி சவரத்துக்கு வந்தார். ஆடி முடிவதைப் பற்றிப் பேச்சே இல்லை. "அந்தப் பிள்ள அடுத்த செவ்வாயும் வருமா? சக்கரை கொறஞ்சிட்டான்னு பாக்கணும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் மழித்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

டென்சில் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அக்கா ஊளிமீன் குழம்பு வைத்திருந்தாள். அவன் தட்டில் பெரிய துண்டமாகப் போட்டுவிட்டு, என் தட்டில் வாலை வைத்தாள். "இவன் மனசக் கண்டுபுடிக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு" என்றாள் அவனிடம், என்னைக் கைகாட்டி. "இவனுக்கு இன்னும் அதிகமாயிட்டு."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

போன வாரம் ஏரலிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே சலூன் வைத்திருக்கிறவர், பேர் சுயம்புலிங்கம். "உங்க கடை விசயம் கேள்விப்பட்டேன். எங்களுக்கும் செவ்வாய்க்கெழம லீவுதான்" என்று சொல்லிவிட்டு அப்புறம் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. அந்தப் பேசாத இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

இன்று நானும் டென்சிலும் பைக்கில் ஏரல் போனோம். வழி முழுக்க வாழைத்தோப்பு. டென்சில் பின்னால் உட்கார்ந்து சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தான், சுருதி சுத்தமாக இல்லை. ஆற்றுப் பாலத்தில் காற்று எங்களைத் தூக்கிவிடும் போல இருந்தது. எனக்கும் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன்.

சுயம்புலிங்கம் கடை சின்னது. இரண்டு நாற்காலி. மனிதருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கடையைக் கழுவி, பத்தி கொளுத்தி, எங்களுக்கு மோர் வாங்கி வைத்திருந்தார். டென்சில் எல்லாவற்றையும் விளக்கினான். மேஜை எங்கே, திரை எங்கே, ஒரு கோடு என்றால் என்ன, இரண்டு கோடு என்றால் என்ன. அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டார்.

டென்சில் போன் பேச வெளியே போனதும் என்னிடம் கேட்டார். "நீங்க நம்ம தொழில். அவரு ஆபீஸ்காரரு. ரெண்டு பேருக்கும் எப்படிண்ணே பழக்கம்?"

கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. இதுவரைக்கும் வெளியாள் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோம் தம்பி" என்றேன். "தம்பதி மாதிரி."

சுயம்புலிங்கம் கையிலிருந்த துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார். வெளியே டென்சில் யாரிடமோ உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"அப்படி இருக்க முடியுமாண்ணே?" என்று கேட்டார். குரல் எழும்பவே இல்லை.

"இருக்கோம்லா" என்றேன்.